சைக்கிள்ல போய் ஒயின் குடிச்சீங்களாமே? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் மிதிக்கிற கூட்டம் நாங்கள். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, இல்லையென்றால் பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான் என்று ஒரு சுற்று போய்விட்டு டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். ஒரு அக்டோபரில் எங்களில் ஐந்து பேர் பிரான்சின் பர்கண்டிக்குப் போய், நான்கு நாள் வாடகைச் சைக்கிளில் திராட்சைத் தோட்டங்களுக்குள் சுற்றி வந்தோம். அன்றிலிருந்து டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஒயின் நாடுன்னு சொல்றீங்களே, அது எங்கண்ணே இருக்கு?"

தனி நாடு இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் திராட்சைக் கொடியும் ஊருக்கு ஊர் ஒயின் செய்கிற வீடுகளுமாக இருக்கிற வட்டாரத்தை அப்படிச் சொல்கிறார்கள். நெல்லுக்குத் தஞ்சாவூர் என்கிற மாதிரி. நாங்கள் போனது போன் என்ற சின்ன நகரம். பாரிசிலிருந்து திஜோன் வரை அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் கொஞ்ச நேரம்.

போன் நகரத்தின் நடுவில் 1443இல் நிக்கொலா ரோலன் என்பவர் ஏழைகளுக்காக நிறுவிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் கூரையில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று பளபளக்கும் ஓடுகளைக் கோலம் போட்ட மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துக் கூரையில் பதித்துவிட்டார்களோ என்று எங்களில் ஒருவர் கேட்டார். அந்த ஆஸ்பத்திரிக்குப் பலர் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார்கள். அதில் விளையும் ஒயினை 1859இல் ஏலம் விடத் தொடங்கினார்கள், இப்போது அது நவம்பரில் நடக்கிறது. கோயில் கட்டளைக்கு நிலம் எழுதிவைக்கிற ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரிந்துவிடும்.

"எத்தனை கிலோமீட்டர் மிதிக்கணும்? எனக்குக் கானாடுகாத்தான் போய்ட்டு வர்றதுக்கே மூச்சு வாங்குது."

அப்படியென்றால் நீங்கள் தயார். போனிலிருந்து சந்தனே என்ற ஊர் வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளுக்கென்றே ஒரு பாதை இருக்கிறது. மொத்தம் 22 கிலோமீட்டர்தான். பொம்மார், வொல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உண்டு. நம் ஊர்த் தரை போலச் சமதளம் இல்லை, அதற்காக மலையும் இல்லை. முட்டி வலி உள்ளவர்கள் மின்சார சைக்கிள் எடுக்கலாம். ஐரோப்பாவில் அதன் மோட்டார் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரோடு நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். காலையில் நினைவிருக்கும். சாயங்காலம்தான் சிக்கல், அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

"குடிச்சிட்டு சைக்கிள் ஓட்டலாமா?"

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். கூடாது. பிறகு எதற்குப் போனீர்கள் என்பீர்கள். ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு. பகலில் ருசி பார்ப்போம், பிடித்ததில் ஒரு பாட்டில் வாங்கிப் பையில் போடுவோம், ராத்திரி சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிய பிறகு குடிப்போம். நான்கு நாளில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒழுங்கு இது. முதல் நாளே கற்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். ருசி பார்க்க ஊற்றுவது ஒரு தடவைக்கு 30 முதல் 50 மில்லி. "இத்துனூண்டுதானே" என்று தோன்றும். ஐந்து வகை 50 மில்லி வீதம் விழுங்கினால் 250 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. இது ஒரே ஒரு வீட்டில். 13 சதவீத ஒயின் 150 மில்லியில் ஏறக்குறைய 15 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. உடம்பு அதைக் கரைக்கச் சுமார் இரண்டு மணி நேரம் எடுக்கும். மோர் குடித்தாலும் காபி குடித்தாலும் அந்த நேரம் குறையாது.

முதல் நாள் எங்களில் ஒருவர் மூன்று இடத்திலும் மிச்சம் வைக்காமல் விழுங்கினார். தள்ளாடவில்லை, நன்றாகத்தான் பேசினார். ஆனால் திரும்பும்போது, நாற்பது வருடப் பழக்கம், சைக்கிள் தானாக இடது பக்கம் போய்விட்டது. எதிரே டிராக்டர். அங்கே கொடி வரிசைக்கு மேலே கால் பரப்பி நிற்கும் உயரமான டிராக்டர்கள் உண்டு. ஓட்டுநர் நிறுத்தி, கையை ஆட்டி, நம்மவர் வரப்பில் சரிந்து, முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. கொஞ்சமாகக் குடித்தால் ஆள் விழமாட்டார். ஆனால் புதிதாகக் கற்றது மறந்து பழைய பழக்கம் மேலே வந்துவிடும்.

"சைக்கிளுக்கெல்லாமா போலீஸ் ஊதச் சொல்லும்?"

சொல்லும். பிரான்சில் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது என்ற வரம்பு சைக்கிள்காரருக்கும் உண்டு. அதைத் தாண்டினால் 135 யூரோ அபராதம், 80ஐத் தாண்டினால் குற்ற வழக்கு. ஜெர்மனியில் சைக்கிளுக்கான வரம்பு 160, ஆனால் அதற்குக் கீழேயும் தடுமாறி ஓட்டினால் விடமாட்டார்கள். நம் ஊரில் மோட்டார் வாகனத்துக்கு வைத்திருக்கும் 30 மில்லிகிராம் இவற்றைவிடக் கடுமையானது. எழுபது கிலோ எடையுள்ள ஆண் ஒரு முழு கிளாஸ் குடித்தாலே ஏறத்தாழ 30ஐத் தொட்டுவிடுவார். ஒல்லியான பெண் அதே கிளாஸில் 50ஐத் தொடலாம். "நான் ஒரே கிளாஸ்தான்" என்பவர்களுக்கு இந்த வரி.

"வாயில வச்சிட்டுத் துப்பினா அவங்களுக்கு அவமரியாதை இல்லையா?"

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைப் படிக்கம் பார்த்திருப்பீர்களே, ஐயாமார் வெற்றிலை போட்டுத் துப்பியது. அதேதான். ஒயின் வீட்டு மேஜையில் ஒரு படிக்கம் இருக்கும். ஒயின் செய்கிறவரே முதலில் வாயில் சுழற்றி அதில் துப்புவார். தொழில் தெரிந்தவன்தான் துப்புவான் என்று அங்கே நினைக்கிறார்கள். அதனால் துப்பினால் மரியாதை கூடும்.

துப்பத்தான் பழக வேண்டும். முதல் தடவை என் ஒயின் தாடி வழியாகச் சட்டையில் இறங்கியது. உதட்டைக் குவித்து, விசில் அடிக்கிற மாதிரி வைத்து, ஒரே வீச்சில் விட வேண்டும். கிளம்புவதற்கு முன் குளியலறையில் தண்ணீரை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள், சிரிப்பதற்கில்லை. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஒரு நாளைக்கு இரண்டு வீடு, மிஞ்சினால் மூன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

"வேர்வையும் சைக்கிளுமா போய் நின்னா உள்ள விடுவாங்களா?"

வேர்வை பிரச்சினை இல்லை. சொல்லாமல் போவதுதான் பிரச்சினை. பர்கண்டியில் பல இடங்கள் கம்பெனி அல்ல, குடும்பம் நடத்துகிற வீடு. முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்க வேண்டும். மதியம் 12 முதல் 2 வரை கதவு சாத்தியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் தப்புதானே. ஊர்ச் சதுக்கத்துக் கடைகளில் நேரம் வாங்காமலே ருசி பார்க்கலாம். சில இடங்களில் கட்டணம் வாங்குவார்கள், பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்வதும் உண்டு. ஒன்றுமே வாங்காமல் ஆறு வகை ருசி பார்த்துவிட்டு எழுந்து வராதீர்கள், அதுதான் நிஜமான அவமரியாதை.

"எந்த மாசம் நல்லது?"

மே, ஜூன், அல்லது அறுவடை முடிந்த அக்டோபர். செப்டம்பரில் அறுவடை நடக்கும், பார்க்க அழகு. ஆனால் நடவு நேரத்தில் வயலுக்கு விருந்தாளி வந்த கதைதான். உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது.

"ஒரே திராட்சைதானே? ஒரு பாட்டில் பதினஞ்சு யூரோவாம், பக்கத்துப் பாட்டில் முந்நூறாம். ஏமாத்து வேலையா?"

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். சைக்கிளில் போனதால்தான் கொஞ்சம் புரிந்தது. பர்கண்டியில் சிவப்புக்குப் பெரும்பாலும் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே. பெரும்பாலும் இந்த இரண்டே திராட்சைதான். மாறுவது நிலம். தெற்கே போகும்போது வலது கைப் பக்கம் சரிவு, இடது கைப் பக்கம் சமவெளி. சரிவின் நடுப்பகுதியில் தண்ணீர் தேங்காது, காலை வெயில் நேராக விழும், மண்ணில் சுண்ணாம்புக்கல் இருக்கும். அங்கே விளைவதுதான் உச்ச விலை. கீழே சமவெளியில் கனத்த மண், ஈரம் அதிகம், அந்த ஒயின் சாதாரண விலை. மோன்ராஷே என்கிற பேர்போன தோட்டம் மொத்தமே எட்டு ஹெக்டேர். ஒரு தாழ்ந்த கல்சுவர், உள்ளே கொடி, அவ்வளவுதான். காரில் போனால் கண்ணில் படாது. சைக்கிளில் போகும்போது ஏற்றம் தொடங்குவது தொடையில் தெரியும், ஓரத்து மண் நிறம் மாறுவது கண்ணில் தெரியும். சாயங்காலம் கிளாஸில் அந்த வித்தியாசத்தைத் தேடுவோம். இப்படிப் பெயர் வைத்துப் பிரித்த 1,247 துண்டு நிலங்களை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு காரணம் பங்காளி விவகாரம். போனுக்கு வடக்கே குளோ தெ வூஜோ என்ற தோட்டம். சிஸ்தர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகள் சுவர் எழுப்பி வளர்த்த ஒரே நிலம், ஏறக்குறைய 50 ஹெக்டேர். இன்றைக்கு அதற்குச் சுமார் 80 சொந்தக்காரர்கள். பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகளிடமிருந்து பறிபோய், பின்னால் விற்றும், பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்தும் இப்படி ஆனது. ஒரே வீட்டில் முப்பது புள்ளிகளுக்கு (கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி) பங்கு இருந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை என்று வைத்திருக்கிற ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரே பெயர் போட்ட பாட்டிலை எண்பது பேர் செய்கிறார்கள். அதனால் தோட்டத்தின் பெயரோடு செய்தவர் பெயரையும் பாருங்கள். விலையில் ஏமாற்று இருக்கிறதா என்றால், ஏலத்தில் எடுக்கிற பணக்காரர்கள் ஏற்றிவிட்டதும் இருக்கிறது. எங்களுக்குப் பிடித்த பாட்டில்கள் எதுவும் 30 யூரோவைத் தாண்டவில்லை.

"நான் குடிக்கவே மாட்டேன். நான் வந்தா போர் அடிக்குமா?"

எங்கள் ஐவரில் ஒருவர் சொட்டுக்கூடத் தொடாதவர். அவர்தான் பயணத்தை அதிகமாக அனுபவித்தவர், வழி தவறாமல் எங்களைக் கூட்டி வந்ததும் அவர்தான். பல வீடுகளில் கேட்டால் திராட்சைச் சாறு தருவார்கள். அவர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். ஒயினில் பாதி ருசி மூக்கில்தான் என்பதால் எங்கள் பேச்சில் அவரும் கலந்துகொள்ள முடிந்தது.

"ஒயின்ல முட்டை போடுவாங்களாமே? நாங்க சைவம்."

சிலவற்றில் போடுவார்கள். சிவப்பு ஒயினின் கசடைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு பழைய வழி. ஒரு பீப்பாய்க்குச் சில முட்டைகள். பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர். வெள்ளைக்கரு கசடைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை இறுத்துவிடுவார்கள். பால் புரதம், மீன் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை போன்றவையும் பழக்கத்தில் உண்டு. பெண்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைப்பவர்களும் இருக்கிறார்கள், ஒன்றுமே போடாதவர்களும் இருக்கிறார்கள். முட்டையோ பாலோ மிச்சம் இருப்பது தெரிந்தால் லேபிளில் போட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் வாயைத் திறந்து கேட்டுவிடுவது நல்லது, கோபிக்க மாட்டார்கள்.

நம் வீட்டு வளவில் (உள்முற்றம்) சுவரின் வழவழப்புக்கே சுண்ணாம்போடு வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் சைவக்காரர்கள் இதைக் கேட்கிறீர்கள். சும்மா சொன்னேன்.

"எனக்குச் சுகர் இருக்கு. ஒரு கிளாஸ் பரவால்லயா?"

டாக்டரைக் கேளுங்கள், என்னை அல்ல. ஏன் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். மிதிக்கும்போது தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் ஈடுகட்டுவது கல்லீரல். மது உள்ளே போனால் கல்லீரல் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்குகிற மாத்திரையோ எடுப்பவருக்கு மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழலாம், அதுவும் ராத்திரித் தூக்கத்தில். மயக்கத்தைப் பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

"சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?"

ஒரு காலத்தில் அப்படிச் சொன்னார்கள். எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. இதயத்துக்கு நல்லது வேண்டுமென்றால் சைக்கிள் இருக்கிறது.

"பிரான்ஸ் வரைக்கும் யாரு போறது? பக்கத்துல எதுவும் இல்லையா?"

இருக்கிறது. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை சைக்கிள்காரர்களுக்குத் தெரிந்த ஏற்றம். அந்தப் பக்கம் தொட்டபள்ளாபூர் அருகே 1988இல் தொடங்கிய குரோவர் ஒயின் தோட்டம் இருக்கிறது. விடியற்காலையில் மலை ஏறி இறங்கி, குளித்துவிட்டு, பிற்பகலில் காரில் தோட்டத்துக்குப் போகலாம். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

மகாராஷ்டிரத்தில் நாசிக். கங்காபூர் அணைப் பக்கம் சுலா, யார்க் என்ற இரண்டு ஒயின் தோட்டங்களும் அருகருகே இருக்கின்றன. அங்கே அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை, ஐரோப்பாவுக்கு நேர் எதிர். நம் கோடை வெயிலுக்கு முன் பழுக்கவைக்க வேண்டும் என்பதால் மழைக்குப் பின் கவாத்து செய்து குளிர்காலத்தில் காய்க்க விடுகிறார்கள். பிப்ரவரியில் காலை ஆறு மணிக்கு மிதிக்க அருமையான குளிர். ஆனால் சைக்கிளுக்கென்று தனிப் பாதை எதிர்பார்க்காதீர்கள்.

கம்பத்துக்கும் போகலாம். புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, மிதிக்க நல்ல ரோடு. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ருசி பார்க்கப் படிக்கமும் கிளாஸும் தேடாதீர்கள், பழமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

"நம்ம செட்டிநாட்டுலயே இத மாதிரி பண்ண முடியாதா?"

மிதிக்க முடியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கொத்தமங்கலம் பக்கம் போல ஓட்டச் சுகமான இடம் குறைவு. மாளிகை விடுதிகளில் விருந்தாளிகளுக்குச் சைக்கிளே தருகிறார்கள். ஒயின் விளையாது. நம் செம்பொறை மண்ணில் முந்திரியும் பனையும்தான். கள் இறக்க 1987 முதல் தடை. சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கும் பதநீர் கிடைக்கும் காலத்தில் கிடைக்கும். அதைத் துப்பவும் வேண்டாம், போலீஸ் ஊதச் சொல்லவும் மாட்டார்.

"ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்?"

ஓர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கவரி இல்லை. 750 மில்லி பாட்டிலாக இரண்டுதான் அதற்குள் வரும். கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போட வேண்டும். அங்கே விற்கிற காற்றுக்குமிழ் உறைகளை நான் வாங்கவில்லை. பாட்டிலை ஒரு காலுறைக்குள் விட்டு, நாலு முழ வேட்டியில் இறுக்கிச் சுற்றி, பெட்டி நடுவில் துணிகளுக்குள் புதைத்தேன். இரண்டும் உடையாமல் வந்தன. சைக்கிளிலும் அதே முறைதான். பின் பையில் இரு பக்கமும் ஒவ்வொன்று, எடை சமமாக இருக்க.

"அங்க குடிச்சப்ப நல்லா இருந்துச்சு, ஊருக்குக் கொண்டுவந்தா காடி மாதிரி இருக்கே?"

வெயில் காரணம். அறை வெப்பத்தில் சிவப்பு ஒயினைப் பரிமாறு என்று எழுதியிருப்பதை நம்பி மேஜையில் வைத்திருப்பீர்கள். அவர்கள் சொல்வது 16 முதல் 18 டிகிரி. காரைக்குடி மே மாதத்து அறை அதைப்போல் இரண்டு மடங்கு. வெதுவெதுப்பான ஒயினில் சாராய நெடிதான் மேலே தெரியும். சிவப்பானாலும் குடிப்பதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் ஃபிரிட்ஜில் வையுங்கள். மாதக்கணக்கில் வைப்பதென்றால் ஃபிரிட்ஜின் அடித்தட்டு, இல்லாவிட்டால் ஜன்னல் இல்லாத உள்ளறை. நம் பழைய வீடுகளின் நகை அறை பரவாயில்லை, ஆனால் பங்குனிக்கு மேல் அதையும் நம்பாதீர்கள்.

"செட்டிநாட்டுக் கோழிக்கு எந்த ஒயின் சேரும்?"

விலை உயர்ந்த சிவப்பு சேராது. துவர்ப்பும் சாராயமும் மிளகாய்க் காரத்தைத் தூக்கிக் கொடுக்கும், நாக்கு எரியும். மெர்சோவில் ஆசையாக வாங்கிய வெள்ளையும் கோழி வறுவலோடு காணாமல் போனது. லேசான இனிப்பும் குறைந்த சாராயமும் உள்ள ரீஸ்லிங் அல்லது ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் நன்றாகத் தாங்கும். பன்னீர் வாசனை அடிக்கும் கெவுர்ஸ்த்ராமினர் என்ற இன்னொரு வெள்ளை நண்டு மசாலாவுக்கு நன்றாக இருந்தது.

விதிவிலக்கு ஒன்று. மிளகாய் இல்லாமல் மிளகு மட்டும் போட்ட கறி என்றால் சிரா என்ற திராட்சையில் செய்த சிவப்பைத் திறக்கலாம். மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் சிரா திராட்சையிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுபிடித்தார்கள்.

"சரி, வீட்ல என்ன சொன்னீங்க? ஆத்தா ஒண்ணும் சொல்லலையா?"

மறைக்கவில்லை. கொண்டுவந்த இரண்டில் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முகப்பில் உட்கார்ந்து நாங்கள் ஐந்து பேரும் திறந்தோம். நான்கு கிளாஸும் ஒரு சோடாவும். ஆத்தா வந்து கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்து, "சீயக்காய் ஊறவச்ச மாதிரி இருக்கு, இதுக்கா அம்புட்டு தூரம் மிதிச்சிய?" என்று கேட்டு உள்ளே போய்விட்டார்கள். பினோ நுவாரில் ஈர மண், காய்ந்த இலை வாசனை வரும் என்று போன் நகரத்தில் ஒருவர் எங்களுக்கு அரை மணி நேரம் விளக்கியிருந்தார். காலிப் பாட்டில் நல்ல கனமான பச்சைக் கண்ணாடி. இப்போது அடுப்பங்கரையில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள்.